மருந்துப்போலியும் மாறும் வலியும்: வலி மருந்து ஆய்வில் பங்கேற்போர் அறிய வேண்டியவை

நீரிழிவினால் பாதங்களில் உண்டாகும் எரிச்சல், முழங்கால் மூட்டுத் தேய்மான வலி, நீண்டகால இடுப்பு வலி ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறும் சிலரிடம், புதிய வலி மருந்து ஒன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்று மருத்துவர்கள் கேட்பதுண்டு. அவ்வாறு கேட்கப்பட்டவர்களுக்காகவும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்காகவும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

ஒப்புதல் படிவத்தைப் படிக்கும்போது, ஆய்வு மருந்துக்குப் பதிலாக மருந்துப்போலி வழங்கப்படலாம் என்ற வரியைக் காண்பீர்கள். மருந்துப்போலி என்பது நிறத்திலும் அளவிலும் சுவையிலும் உண்மை மாத்திரையைப் போலவே தயாரிக்கப்பட்ட, மருந்துப்பொருள் சேர்க்கப்படாத மாத்திரை. அந்த வரியைப் படித்ததும் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, "மருந்தே இல்லாத மாத்திரையை எனக்கு ஏன் தர வேண்டும்?" என்பது. மற்றொரு கேள்வி ஆய்வு முடிந்த பிறகு எழுகிறது. அது சற்று வேதனையோடு கேட்கப்படுவது: "எனக்குத் தந்தது வெறும் மாத்திரை என்கிறார்கள். ஆனால் எனக்கு வலி குறைந்தது உண்மை. அப்படியானால் என் வலி பொய்யா?"

பொய்யல்ல. வெறும் மாத்திரை எடுத்த காலத்தில் வலி குறைந்தது என்பதிலிருந்து, முன்பு வலி இருக்கவில்லை என்ற முடிவுக்கு எந்த மருத்துவரும் வர முடியாது; வரவும் கூடாது. ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்துகொண்டால், ஆய்வின்போது உங்கள் வலியை எவ்வாறு பதிவு செய்ய வேண்டும் என்பதும் விளங்கும். அந்தப் பதிவைப் பொறுத்தே ஒரு மருந்து மருந்துக்கடைக்கு வருவதும் வராமல் போவதும் தீர்மானிக்கப்படுகிறது.

வலிக்கு வெப்பமானி இல்லை

காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. சர்க்கரைக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. வலியின் அளவைக் காட்டும் கருவியோ பரிசோதனையோ இன்றுவரை நடைமுறையில் இல்லை. வலி எவ்வளவு என்பதை அறிய மருத்துவருக்கு இருக்கும் ஒரே வழி, வலிப்பவரைக் கேட்பது. ஆகவேதான் வலி மருந்து ஆய்வுகளில் 0 முதல் 10 வரையுள்ள எண்களில் ஒன்றைக் குறிக்கச் சொல்கிறார்கள். 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் உங்களால் எண்ணிப்பார்க்கக்கூடிய மிகக் கடுமையான வலி.

அந்த எண் ஒரே நிலையில் நிற்பதில்லை. உறக்கம் கெட்ட மறுநாள் அது ஏறும். நெடுநேரம் நின்று சமைத்த மாலையில் ஏறும். பேரக்குழந்தைகள் வீட்டில் இருக்கும் நாளில், புண்பட்ட நரம்பில் எந்த மாற்றமும் நிகழாமலே அது இறங்கக்கூடும். அமெரிக்க மயக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியப் போர்முனையில் கடுமையாகக் காயமுற்ற வீரர்களைக் கவனித்து 1946-இல் ஒரு கட்டுரை எழுதினார். வலி நிவாரணி வேண்டுமா என்று கேட்டபோது, ஏறத்தாழ நான்கில் மூவர் வேண்டாம் என்றார்கள். போர்க்களத்திலிருந்து உயிரோடு வெளியேறிவிட்டோம் என்ற நிலையும், அதே அளவு காயம் ஒரு சாலை விபத்தில் நேரும் நிலையும் ஒன்றல்ல என்பது அவர் கருத்து.

1965-இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் ஆகியோர் இதற்கு உடலியல் அடிப்படையில் ஒரு விளக்கம் அளித்தனர். காயத்திலிருந்து புறப்படும் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே மூளையை அடைகிறது. அந்த வாயிலைச் சற்றுத் திறக்கவும் சற்று மூடவும் மூளையிலிருந்து கீழிறங்கும் நரம்புகளால் முடியும். அவர்கள் சொன்ன நுணுக்கங்கள் பல பின்னர் திருத்தப்பட்டன. வலி என்பது காயத்தின் அளவை அப்படியே நகலெடுத்துக் காட்டுவதன்று என்ற அடிப்படை மட்டும் நிலைத்துவிட்டது.

மருத்துவமனைக்கு வரும் நாள் எது?

பெரும்பாலும், தாங்க முடியாத நாள். இந்தச் சிறிய உண்மையில்தான் பல குழப்பங்களுக்கு விடை இருக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒருவருடைய பாத வலி ஒரு வாரத்தில் இவ்வாறு இருக்கிறது என்று கொள்வோம்: திங்கள் 5, செவ்வாய் 4, புதன் 6, வியாழன் 8, வெள்ளி 7, சனி 5, ஞாயிறு 4. சராசரி ஐந்தரைக்குச் சற்று மேல். அவர் திங்கட்கிழமையோ செவ்வாய்க்கிழமையோ மருத்துவமனைக்கு வருவதில்லை. வியாழக்கிழமை, வலி 8-இல் இருக்கும்போது வருகிறார். அன்று அவருக்கு எதைக் கொடுத்தாலும், இரண்டு வாரம் கழித்து அவரைப் பார்க்கும்போது வலி 5-க்கோ 6-க்கோ அருகில் இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. மாத்திரை, தைலம், தாயத்து, ஒன்றுமே இல்லாமை ஆகிய எதைப் பயன்படுத்தியிருந்தாலும் அதே நிலைதான். உச்சத்தில் அளந்த எதுவும் மறுமுறை அளக்கும்போது தன் வழக்கமான நிலையை நோக்கி வருவதைப் புள்ளியியலில் சராசரி நோக்கித் திரும்புதல் என்பர். பிரான்சிஸ் கால்டன் 1886-இல் இதனைப் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களில் கண்டு எழுதினார்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குட்டையாக இருந்தனர்.

பக்கத்து வீட்டார் பரிந்துரைத்த எண்ணெய் "கைமேல் பலன்" தந்ததாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது என்பது என் கருத்து. எண்ணெய் தடவியவர் பொய் சொல்லவில்லை, பரிந்துரைத்தவரும் ஏமாற்றவில்லை. அதைத் தடவாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு வாரத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. நாங்கள் எழுதித் தரும் மருந்துச் சீட்டுகளுக்கும் இது பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மருந்துப்போலிக் குழு, பார்க்கப்படாத அந்த மறுபக்கத்தைப் பார்ப்பதற்காகவே வைக்கப்படுகிறது.

மருந்துப்போலிக் குழுவில் என்ன நடக்கிறது?

ஆய்வில் சேர்வோர், குலுக்கல் போன்ற தற்செயல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. முடிவில் இரு குழுக்களின் வலி எண்களும் ஒப்பிடப்படுகின்றன. மருந்துக் குழுவில் வலி எவ்வளவு குறைந்தது என்பது மட்டும் போதாது. மற்றக் குழுவைவிட எவ்வளவு கூடுதலாகக் குறைந்தது என்பதே மருந்தின் பங்கு.

மருந்துப்போலிக் குழுவிலும் வலி குறையவே செய்கிறது. இதனை "மனத்தின் மாயம்" என்று ஒரே சொல்லில் அடக்குவது தவறு. அந்தக் குறைவில் பல பங்குகள் கலந்துள்ளன. முதற்பங்கு, மேலே சொன்ன சராசரி நோக்கித் திரும்புதல். வலி ஆய்வுகளில் இது இன்னும் வலுப்பெறுகிறது. ஏனெனில் பல ஆய்வுகளில் சராசரி வலி 4 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களை மட்டுமே சேர்ப்பார்கள். வழக்கமாக 3-இல் இருப்பவர் ஒருவர், மோசமான ஒரு வாரத்தில் 5 என்று எழுதிச் சேர்ந்துவிடுகிறார். சிலர், சேர்த்துக்கொள்ளாமல் விட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் எண்ணைச் சற்று உயர்த்தியும் எழுதுகிறார்கள். சேர்ந்தபின் எண் இறங்குகிறது. மாத்திரைக்கு அதில் பங்கே இல்லை.

மற்றொரு பங்கு மரியாதை. ஒவ்வொரு வாரமும் அன்போடு விசாரிக்கும் செவிலியரிடம் "குறையவில்லை" என்று சொல்ல நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. அடுத்த பங்கு, நோய் தானாகவே தணிவது. இவை அனைத்தையும் கழித்த பிறகு எஞ்சுவதே, சிகிச்சை பெறுகிறோம் என்ற எதிர்பார்ப்பினால் மூளையிலும் தண்டுவடத்திலும் உண்மையாகவே நிகழும் மாற்றம். மருந்துப்போலி விளைவு என்ற பெயர் இந்த எஞ்சிய பங்குக்கே பொருந்தும்.

முன்னர் குறிப்பிட்ட அதே பீச்சர், 1955-இல் 15 ஆய்வுகளைத் தொகுத்து, மருந்துப்போலியால் சராசரியாக 35 விழுக்காட்டினர் நிவாரணம் அடைகின்றனர் என்று எழுதினார். அந்த எண் இன்றும் நாளிதழ்களிலும் மேடைகளிலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் தானாகத் தணிந்த வலியையும், உச்சத்திலிருந்து இறங்கிய வலியையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. 2001-இல் டென்மார்க்கைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் வேறு வழியில் சென்றனர். மருந்துப்போலி பெற்றவர்களோடு எதுவுமே பெறாதவர்களையும் ஒப்பிட்ட 114 ஆய்வுகளை அவர்கள் தொகுத்தனர். பெரும்பாலான நோய்களில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வலியில் மட்டும் வேறுபாடு தெரிந்தது. அதுவும் 100 மில்லிமீட்டர் அளவுகோலில் 6.5 மில்லிமீட்டர்தான். சராசரியாகப் பார்த்தால் சிறிய அளவு. ஆனால் இல்லாத ஒன்றன்று.

அது உடலில் நிகழ்வது

1978-இல் கலிபோர்னியாவில் கடைவாய்ப்பல் அகற்றப்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருந்துப்போலி பெற்று வலி குறைந்தவர்களுக்கு நாலாக்சோன் என்னும் மருந்து தரப்பட்டபோது, தணிந்த வலி மீண்டும் கூடியது. நாலாக்சோன், மார்ஃபின் வகை மருந்துகளின் செயலைத் தடுப்பது. அதனால் வலி திரும்புகிறது என்றால், அந்நோயாளிகளின் உடலே மார்ஃபினைப் போன்ற பொருள்களைச் சுரந்து வலியைத் தணித்திருக்க வேண்டும். பின்னாளில் நடந்த மூளைப் படமெடுப்பு ஆய்வுகளும் இதற்கு ஆதரவாகவே அமைந்தன.

இதன் மறுபுறத்தை இத்தாலியின் தூரின் நகர ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினர். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கு, அதே வலி நிவாரணியைச் சிலருக்கு மருத்துவர் முன்னே நின்று சொல்லிச் செலுத்தினார். சிலருக்கு இயந்திரம் அவர்கள் அறியாத நேரத்தில் செலுத்தியது. அறியாமல் பெற்றவர்களுக்கு அதே அளவு வலி தணியக் கூடுதல் மருந்து தேவைப்பட்டது. நம் ஊரில் மருத்துவரின் "கைராசி" என்று சொல்வதில் ஒரு பகுதியை அந்த இயந்திரம் கழித்துக் காட்டிவிட்டது எனலாம்.

கனிவான பேச்சின் பங்கும் அளக்கப்பட்டுள்ளது. 2008-இல் குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், காத்திருப்புப் பட்டியலில் மட்டும் இருந்தவர்களில் 28 விழுக்காட்டினர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். போலி ஊசிக்குத்துச் சிகிச்சையை அதிகப் பேச்சின்றிப் பெற்றவர்களில் இது 44. அதே போலிச் சிகிச்சையோடு மருத்துவர் அமர்ந்து, பொறுமையாகக் கேட்டுப் பேசியவர்களில் 62.

ஆகவே, குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். வெறும் மாத்திரையால் வலி குறைந்தவரைப் பார்த்து, "பார்த்தீர்களா, எல்லாம் மனப்பிரமைதான்" என்று சொல்லாதீர்கள். அது அறிவியல்படி தவறு. அதைவிட, அவர் அடுத்த முறை வலியைச் சொல்லாமல் மறைப்பதற்கு அது காரணமாகும்.

எதிர்பார்ப்பினால் ஆகாதவை எவை என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும். 2011-இல் ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், உண்மையான இழுப்பு மருந்து பெற்றவர்களும் போலி இழுப்பு மருந்து பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றத்தை உணர்ந்ததாகச் சொன்னார்கள். நுரையீரலின் திறனைக் கருவியால் அளந்தபோதோ, உண்மை மருந்தில் 20 விழுக்காடும் போலி மருந்தில் ஏறத்தாழ 7 விழுக்காடும் உயர்ந்திருந்தது. போலி மருந்து பெற்றவர்கள் நலமாக உணர்ந்தார்கள். அவர்களுடைய மூச்சுக்குழல்கள் அந்த அளவுக்குத் திறக்கவில்லை. கட்டி கரைவதும், சர்க்கரை கட்டுப்படுவதும், முறிந்த எலும்பு கூடுவதும் எதிர்பார்ப்பினால் நிகழ்வன அல்ல. "நம்பிக்கைதான் மருந்து" என்று கூறி, எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தச் சொல்பவர் எவராயினும் அவர் சொல்லை ஏற்க வேண்டாம்.

மருந்துப்போலிக் குழுவால் நோயாளிகளுக்கு விளைந்த நன்மைக்கு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பற்றிய ஓர் ஆய்வைச் சொல்லலாம். மூட்டினுள் குழாய்க் கருவியைச் செலுத்திக் கழுவிச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை ஒரு காலத்தில் மிகப் பரவலாக இருந்தது. செய்துகொண்டவர்களில் பலர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்குத் தோலில் வெட்டு மட்டும் இட்டு, மூட்டினுள் எதுவும் செய்யாமல் தைத்து அனுப்பினர். அவ்வாறும் நேரலாம் என்பதை அறிந்தே, அதைத் தம் கையால் எழுதிக் கொடுத்தே அவர்கள் சேர்ந்திருந்தனர். 2002-இல் முடிவு வெளியானது: இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தும், போலி அறுவை சிகிச்சை பெற்றவர்களைவிட உண்மை அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி குறைவாக இல்லை. அக்குழு இல்லாதிருந்தால், தேவையற்ற மயக்க மருந்தும் வெட்டும் செலவும் இன்னும் நெடுங்காலம் தொடர்ந்திருக்கும்.

ஏறியிறங்கும் எண்கள்

வலி ஆய்வுகளில் பெரும்பாலும், மாத்திரை தொடங்குவதற்கு முன் ஏழு நாள்கள் வலிக் குறிப்பேடு எழுதச் சொல்வார்கள். நாள்தோறும் ஓர் எண். இக்குறிப்பேடுகளை ஆராய்ந்தவர்கள் ஒரு செய்தியைக் கண்டனர். 2005-இல் தசைநார் வலி நோயாளிகளிடமும், 2014-இல் நரம்பு வலி ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்தும் பார்த்தபோது, அந்த முதல் வாரத்தில் எண்கள் மிகுதியாக ஏறியிறங்கியவர்களே பின்னர் மருந்துப்போலியால் கூடுதல் முன்னேற்றம் காட்டினர்.

ஒருவர் 5, 5, 6, 5 என்று எழுதுகிறார். இன்னொருவர் 3, 9, 4, 8 என்று எழுதுகிறார். முதலாமவரின் தொடக்க நிலை உறுதியானது. இரண்டாமவருக்கு, அந்த ஏழு நாள்கள் தற்செயலாக மோசமான நாள்களாக அமைந்திருந்தால், அடுத்த மாதத்தில் எண் தானாகவே இறங்கும். அவருடைய வலி உண்மையிலேயே அவ்வாறு அலைபாயலாம். அல்லது ஒரு நாள் காலையிலும் மறுநாள் இரவிலும் எழுதியதால், ஒரு நாள் பாத வலியையும் மறுநாள் இடுப்பு வலியையும் எழுதியதால், எண்கள் மட்டும் அலைபாயலாம். இந்த இரண்டாவது வகையை நம்மால் தவிர்க்க முடியும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? இன்று நம்மிடம் உள்ள நரம்பு வலி மருந்துகளின் பயன் மிதமானதே. பிரெகாபலின் மருந்தைப் பற்றி 2015-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, ஏறத்தாழ 8 பேருக்கு அதைக் கொடுத்தால், மருந்துப்போலியைவிடக் கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைகிறது. இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கண்டறிய முயலும்போது, எண்கள் காரணமின்றி ஏறியிறங்கினால் அந்த வேறுபாடு மறைந்துபோகும். அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, 1990 முதல் 2013 வரை நடந்த 84 நரம்பு வலி ஆய்வுகளைப் பரிசீலித்தது. அமெரிக்காவில் நடந்தவற்றில், மருந்துப்போலிக் குழுவின் முன்னேற்றம் ஆண்டுக்கு ஆண்டு கூடிவந்தது. மருந்துக் குழுவின் முன்னேற்றம் அவ்வாறு கூடவில்லை. ஆய்வுகள் மேலும் பெரியனவாகவும் நீண்டனவாகவும் ஆனதை ஒரு காரணமாக அந்த ஆய்வாளர்கள் சுட்டினர். இரு குழுக்களுக்கும் இடையிலான இடைவெளி சுருங்கும்போது, பயனற்ற மருந்து மட்டும் விழுவதில்லை. பயனுள்ள மருந்தும் விழக்கூடும். பாதம் எரிந்து இரவெல்லாம் உறங்காத ஒருவருக்கு அது சிறிய இழப்பன்று.

வலிக் குறிப்பேட்டை எழுதும் முறை

நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். இரவு உணவுக்குப் பின் என்று வைத்துக்கொண்டால், ஆய்வு முடியும்வரை அதே நேரம். குறிப்பேட்டில் கேட்டிருப்பது கடந்த 24 மணி நேரத்தின் சராசரி வலியா, மிக அதிகமான வலியா, இந்தக் கணத்தின் வலியா என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றும் வெவ்வேறு எண்கள். எந்த உறுப்பின் வலி பற்றிய ஆய்வோ அதன் வலியை மட்டும் குறியுங்கள். பாத எரிச்சல் பற்றிய ஆய்வில் தலைவலிக்கு இடமில்லை.

நேற்று எழுதியதைப் பார்த்து இன்று எழுத வேண்டாம். விட்டுப்போன நாள்களை, மருத்துவமனைக்கு வரும் பேருந்தில் அமர்ந்து ஒரேயடியாக நிரப்ப வேண்டாம். விட்டுப்போனதை விட்டுப்போனதாகவே காட்டுங்கள். அதற்காக உங்களை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. வெற்றிடம் ஆய்வுக்குச் சிறு குறை. கற்பனை எண் அதைவிடப் பெரிய குறை.

"பரவாயில்லை டாக்டர்" என்பது நம் நோயாளிகள் மிகுதியாகச் சொல்லும் விடை. அது பண்பாடு, எண் ஆகாது. வலி 6-இல் இருந்து 6-ஆகவே இருந்தால் 6 என்றே சொல்லுங்கள். மருத்துவர் மனம் வருந்துவார் என்று 4 ஆக்க வேண்டாம். ஆய்வில் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக 3-ஐ 5 ஆக்கவும் வேண்டாம். மருந்து பலன் தரவில்லை என்ற விடையும், பலன் தந்தது என்ற விடைக்குச் சமமான மதிப்புடையது. வலியைச் சீராகக் குறிப்பதற்குப் பங்கேற்பாளர்களுக்குப் பயிற்சி அளித்தபோது, நீரிழிவு நரம்பு வலி ஆய்வு ஒன்றில் மருந்துப்போலிக் குழுவின் முன்னேற்றம் குறைந்தது. ஆய்வு நடத்துவோரிடம் அத்தகைய பயிற்சி உண்டா என்று கேளுங்கள்.

குடும்பத்தினர் நினைவூட்டலாம், எண்ணைச் சொல்லித் தரக் கூடாது. எழுதப் படிக்க இயலாதவருக்குக் கேள்வியை அப்படியே வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் எண்ணை அப்படியே குறியுங்கள். "நேற்று நன்றாகத்தானே நடந்தீர்கள்?" என்று இடையில் கேட்டால் எண் மாறிவிடும். கூடுதலாக எடுத்த ஒவ்வொரு வலி நிவாரணி மாத்திரையையும், கடையில் தாமாக வாங்கியது உட்பட, எழுதுங்கள். பாராசிட்டமால் எடுத்துவிட்டு எழுதாமல் விட்டால், அதன் பலன் ஆய்வு மாத்திரையின் கணக்கில் சேர்ந்துவிடும்.

பக்க விளைவுகளுக்கும் இதே நேர்மை வேண்டும். எதிர்பார்ப்பு வலியைக் குறைப்பதைப் போலவே தொல்லையைக் கூட்டவும் செய்யும். 2020-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தசைவலி போன்ற பக்க விளைவுகளால் நிறுத்திவிட்ட 60 பேர் சில மாதம் ஸ்டாட்டினும், சில மாதம் மருந்துப்போலியும், சில மாதம் எதுவுமின்றியும் இருந்தனர். ஸ்டாட்டின் எடுத்தபோது தோன்றிய தொல்லையில் ஏறத்தாழ 90 விழுக்காடு மருந்துப்போலியின்போதும் தோன்றியது. அதனால் பக்க விளைவுகளைச் சொல்லத் தயங்க வேண்டாம். எது மருந்தினால் வந்தது என்பதைப் பிரிப்பது ஒப்பீட்டின் வேலை, உங்கள் வேலையன்று.

உங்கள் உரிமைகள்

மருந்துப்போலி தரப்படுவதற்கான வாய்ப்பு எவ்வளவு, இரண்டில் ஒன்றா மூன்றில் ஒன்றா என்பதை, கையெழுத்திடும் முன் உங்களுக்குச் சொல்ல வேண்டும். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து விளையும் நிலையில், பயன் உறுதிசெய்யப்பட்ட மருந்தை நிறுத்தி மருந்துப்போலியை மட்டும் தருவது ஆய்வு நெறிகளுக்கு உடன்பாடானதன்று. வலி தாங்க முடியாமல் போனால் எந்த வலி நிவாரணியை, எத்தனை முறை எடுக்கலாம், யாரைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இதற்கு விடையில்லாத ஆய்வில் சேர வேண்டாம் என்பதே என் அறிவுரை.

இந்தியாவில் இத்தகைய ஆய்வுகள், புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள், 2019-க்கு உட்பட்டவை. ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெற அவ்விதிகள் வழி செய்கின்றன. மருந்துப்போலி பெற்றவருக்கு, ஆய்வுத் திட்டத்தில் சொல்லப்பட்ட வழக்கமான சிகிச்சை கிடைக்கக்கூடியதாக இருந்தும் தரப்படாமல் தீங்கு நேர்ந்தாலும் இது பொருந்தும். ஆய்வு, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நாளிலும், காரணம் கூறாமலே நீங்கள் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆயினும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரெகாபலின், டுலோக்செட்டின் போன்றவற்றைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

பாதத்தில் புண், நிறமாற்றம், திடீர் வீக்கம், இடுப்பு வலியோடு கால் தளர்ச்சி, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இல்லாமை, நெஞ்சு வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும், குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. அன்றே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆய்வில் இருப்பதையும், ஆய்வு அட்டையையும் அங்குக் காட்டுங்கள். அவசரத் தேவை ஏற்பட்டால், நீங்கள் எடுத்தது எந்த மாத்திரை என்பதை உடனே வெளிப்படுத்துவதற்கு ஒவ்வொரு ஆய்விலும் ஏற்பாடு உண்டு.

ஆய்வு முழுமையும் முடிந்த பிறகு, உங்களுக்குக் கிடைத்தது எது என்பதையும், ஆய்வின் முடிவையும் அறிய விரும்புவதாக ஆய்வு மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். விடை வரச் சில சமயம் ஓராண்டுக்கு மேலும் ஆகும், ஏனெனில் கடைசிப் பங்கேற்பாளரின் குறிப்பேடும் முடிந்த பிறகே மறைப்பு நீக்கப்படுகிறது. அதற்குள் வலி மீண்டும் கூடினால் விடைக்காகக் காத்திராமல், உங்கள் குறிப்பேட்டின் நகலுடன் வழக்கமான மருத்துவரைச் சந்தியுங்கள். எந்த நாள்களில் ஏறியது, எப்போது இறங்கியது என்று பன்னிரண்டு வாரம் எழுதிய அந்த எண்கள், நீங்கள் எந்தக் குழுவில் இருந்தாலும் உங்கள் அடுத்த மருந்துச் சீட்டுக்கு உதவும்.